உருளைக்கிழங்கில் நூற்புழு: எந்தப் புழு என்று தெரியாமல் வைத்தியம் வேண்டாம்

வயலில் ஒரு திட்டு மட்டும் வெளிறிக் கிடக்கிறது. அங்குள்ள செடிகள் குட்டையாக நிற்கின்றன, மதிய வெயிலில் துவண்டு சாயங்காலம் கொஞ்சம் நிமிர்கின்றன. பார்த்தவுடன் தழைச்சத்து போதவில்லை, இல்லையென்றால் தண்ணீர் சரியாக ஏறவில்லை என்றுதான் தோன்றும். உடனே அந்த இடத்துக்குக் கூடுதலாக உரமும் ஒரு தண்ணீரும் போகும். இலை கொஞ்சம் பச்சை பிடிக்கலாம். ஆனால் தோண்டும்போது கிழங்கு கோலிக்குண்டு அளவில்தான் இருக்கும். அடுத்த முறை பார்த்தால் அதே திட்டு உழவு ஓடிய திசையில் நீண்டிருக்கும். சத்துக் குறை அப்படி ஏர்ச்சால் வழியே பரவாது. மண்ணோடு இழுபட்டுப் போகும் ஏதோ ஒன்றுதான் பரவும். மண்ணில் இருந்துகொண்டு வேரைத் தாக்கும், நூல்போல் மெல்லிய நுண்புழுவான நூற்புழு அப்படிப்பட்டதுதான்.

ஆக முதல் தவறு, இலையை மட்டும் பார்த்து முடிவெடுப்பது. திட்டின் ஓரத்தில் நிற்கும் ஒரு செடியை மண்கட்டியோடு தோண்டி எடுங்கள். கையால் பிடுங்க வேண்டாம். பிடுங்கினால், நாம் பார்க்க வேண்டிய மெல்லிய வேர்கள் அறுந்து மண்ணிலேயே தங்கிவிடும். வாளித் தண்ணீரில் மெதுவாக அலசி, வேரை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பூக்கும் பருவத்தில் அரை மில்லிமீட்டர் அளவில் வெள்ளையாகவோ மஞ்சளாகவோ சின்னச் சின்ன உருண்டைகள் ஒட்டியிருந்தால் அவை முட்டைக்கூடு நூற்புழுவின் பெண் புழுக்கள். அறுவடை வரை காத்திருந்தால் அவை பழுப்பாகி உதிர்ந்து மண்ணோடு மண்ணாகிவிடும், கண்ணுக்குச் சிக்காது. வேர் அங்கங்கே வீங்கி, கிழங்கின் தோலிலும் பரு போன்ற மேடுகள் இருந்தால் அது வேர்முடிச்சு நூற்புழு. வீக்கமோ உருண்டையோ இல்லாமல் வேரில் பழுப்புக் காயங்கள் மட்டும் இருந்தால் வேர்ப்புண் உண்டாக்கும் வகையாக இருக்கலாம். அதை ஆய்வகத்தில்தான் உறுதி செய்ய முடியும்.

இந்த வேறுபாட்டை நான் இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. ‘நூற்புழு’ என்ற ஒரே பெயருக்குள் குணத்தில் ஒன்றுக்கொன்று ஒட்டாத பல பிராணிகள் இருக்கின்றன. ஒன்றுக்கு மருந்தாக இருப்பது இன்னொன்றுக்குத் தீனியாகிவிடும். எந்தப் புழு என்று கேட்காமல் சொல்லப்படும் எந்த ஆலோசனையையும் நம்பாதீர்கள்.

முட்டைக்கூடு நூற்புழுவை எடுத்துக்கொள்வோம். இதில் தங்க நூற்புழு, வெளிர் நூற்புழு என்று இரண்டு இனங்கள் உண்டு. உருளைக்கிழங்கைப் போலவே இவற்றுக்கும் ஆண்டிஸ் மலைதான் பிறந்த வீடு. பெண் புழு இறந்தபின் அதன் உடலே தடித்த தோல் கொண்ட கூடாகிறது. உள்ளே நூற்றுக்கணக்கான முட்டைகள் இருக்கும். உருளைக்கிழங்கு வேரிலிருந்து கசியும் சாறு மண்ணில் படும்வரை பெரும்பாலானவை பொரிக்காமல் உறங்கும், சில முட்டைகள் 20 ஆண்டுகளுக்கு மேலும் உயிரோடு இருக்கும். அப்படியென்றால் ‘ஒரு வருடம் வேறு பயிர் போட்டேன், சரியாகிவிட்டது’ என்பது எவ்வளவு பெரிய தவறு என்று பாருங்கள். உருளைக்கிழங்கே இல்லாத ஆண்டில், நல்ல நிலையிலேயே, ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு முட்டைகள்தான் தானாகக் குறையும். குளிர்ந்த மண்ணில், அதுவும் வெளிர் நூற்புழுவாக இருந்தால், இன்னும் குறைவு. ஆண்டுக்கு 30 சதவீதம் என்று வைத்தாலும் 100 முட்டைகள் 70 ஆகி, 49 ஆகி, 34 ஆகி, நான்காம் ஆண்டு முடிவிலும் 24 மிஞ்சும். அதன்பின் ஒரே ஒரு முறை எதிர்ப்புத்திறன் இல்லாத ஏமாளி ரகத்தைப் போட்டால், விட்ட இடத்தைப் புழு பிடித்துவிடும்.

சுழற்சிக்கு எந்தப் பயிரைத் தேர்ந்தெடுப்பது என்பதிலும் சறுக்கல் நிறைய நடக்கிறது. தக்காளியும் கத்தரியும் உருளைக்கிழங்கின் பங்காளிகள். முட்டைக்கூடு நூற்புழு அவற்றிலும் பெருகும். ஆகவே அவற்றைப் போடுவது மாற்றுப்பயிர் ஆகாது. முட்டைக்கோஸ், கேரட், பீன்ஸ், தானியங்கள் எதிலும் அது பிழைக்காது. ஆனால் இதே பட்டியலை வேர்முடிச்சு நூற்புழு உள்ள வயலுக்குக் கொண்டுபோனால் கேரட் கிளை கிளையாகக் கோணிக்கொண்டு வரும். வேர்முடிச்சு நூற்புழுவுக்குள்ளேயே இனம் மாறினால் கணக்கு மாறும். ‘ஹாப்லா’ என்ற இனம் தானியப் பயிர்களில் பெருகாது, அதற்குக் கோதுமையோ சோளமோ நல்ல மாற்று. ‘சிட்வுடி’ என்ற இனமோ கோதுமையிலும் மக்காச்சோளத்திலும் தாராளமாகப் பெருகும்.

சுழற்சியைச் சரியாகவே செய்துவிட்டு, தோண்டும்போது தப்பிய கிழங்குகளைக் கண்டுகொள்ளாமல் விடுவது இன்னொரு பிழை. அவை தானாக முளைத்துவரும். காகிதத்தில் அது உருளைக்கிழங்கு இல்லாத ஆண்டு, புழுவுக்கோ விருந்து தொடர்கிறது. கண்ணில் பட்டவற்றை வேரோடு எடுத்தே ஆக வேண்டும், அதுவும் செடி சின்னதாக இருக்கும்போதே.

எதிர்ப்புத்திறன் உள்ள ரகம் பெரிய வரம், சந்தேகமில்லை. ஆனால் எந்த இனத்துக்கு எதிர்ப்பு என்று கேட்காமல் போடுவதும், அதையே திரும்பத் திரும்பப் போடுவதும் வரத்தை வீணாக்கிவிடும். பிரிட்டனில் நடந்தது நல்ல பாடம். 1966ல் வந்த மாரிஸ் பைப்பர் ரகத்தில் தங்க நூற்புழுவைத் தடுக்கும் ஹெச்1 என்ற மரபணு இருந்தது. ரகம் நன்றாக ஓடியது, தங்க நூற்புழு அடங்கியது. காலியான இடத்தை அந்த மரபணுவுக்கு அடங்காத வெளிர் நூற்புழு எடுத்துக்கொண்டது. அங்கே இன்று பெரும் தலைவலி அதுதான். அப்புறம், ‘தாங்கும் ரகம்’ என்பது ‘எதிர்க்கும் ரகம்’ அல்ல. தாங்கும் ரகம் புழு இருந்தாலும் விளைச்சல் தரும், அதே சமயம் மண்ணில் புழுவைப் பெருக்கிக்கொண்டே இருக்கும். விளைச்சல் நன்றாக இருக்கிறதே என்று நிம்மதியாக இருக்கும்போது கீழே கடன் ஏறுகிறது.

மருந்து பற்றி. குருணை மருந்துகளில் பல, கூட்டுக்குள் இருக்கும் முட்டையைத் தொடுவதே இல்லை. பொரித்து வெளியே வரும் இளம்புழுவைச் சில வாரங்கள் முடக்கி வைக்கும், அதற்குள் செடி வேர் பிடித்துக்கொள்ளும். மருந்தின் வேகம் குறைந்தபின் வரும் புழுக்களுக்கு ஆரோக்கியமான வேர் காத்திருக்கும். ஆகவே அந்தப் பருவம் தப்பினாலும் மண்ணில் புழு குறைந்துவிட்டது என்று எண்ணக்கூடாது. மண்ணில் புகையாகப் பரவும் பழைய மருந்துகளின் கதை இன்னும் வருத்தமானது. டிபிசிபி என்ற நூற்புழுக்கொல்லியைத் தயாரித்த தொழிலாளர்களிடம் மலட்டுத்தன்மை இருப்பது 1977ல் தெரியவந்தது. மெத்தில் புரோமைடு என்ற இன்னொரு புகைமருந்து ஓசோன் படலத்தைச் சிதைப்பதால், மாண்ட்ரியல் உடன்படிக்கையின்படி வளர்ந்த நாடுகளில் 2005லும் மற்ற நாடுகளில் 2015லும் சில விலக்குகளோடு நிறுத்தப்பட்டது. எது அனுமதிக்கப்பட்டது, எவ்வளவு என்று கேட்காமல் கைக்குக் கிடைத்ததைப் போடாதீர்கள்.

இயற்கை வழியிலும் அரைகுறை அறிவு பலன் தராது. பாருக்குப் பத்துச் செண்டுமல்லி நட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். செண்டுமல்லி வேலை செய்வது உயிருள்ள வேரின் வழியே. வயல் முழுக்க நெருக்கமாக, உருளைக்கிழங்குக்கு முன்பே, சுமார் மூன்று மாதம் நிற்க வேண்டும். அப்போது வேர்ப்புண் நூற்புழு நன்றாகக் குறையும். முட்டைக்கூடு வகைக்கு அதை நம்ப முடியாது. கடுகை மடக்கி உழுவதானால் பூக்கும்போது பொடிப்பொடியாக நறுக்கி, ஈரமண்ணில் உடனே புதைக்க வேண்டும். காலையில் வெட்டிப் போட்டுவிட்டு மாலையில் உழுதால் நறுக்கிய கடுகிலிருந்து கிளம்பிப் புழுவைக் கொல்ல வேண்டிய காரமான வாயு அதற்குள் காற்றோடு போயிருக்கும். கடுகிலேயே வேர்முடிச்சு நூற்புழு பெருகும் என்பதையும் மறக்க வேண்டாம்.

புழு தானாக நகர்வது மிகச் சொற்ப தூரம்தான். அதைத் தூக்கிச் சுமப்பவர்கள் நாம். விதைக்கிழங்கில் ஒட்டிய மண், டிராக்டர் டயர், பழைய சாக்கு, செருப்பு, கிழங்கு தரம்பிரித்த இடத்தில் குவிந்த மண்ணை மறுபடி வயலில் கொட்டுவது, எல்லாமே வாகனம்தான். நியூயார்க்கின் லாங் தீவில் 1941ல் தங்க நூற்புழு கண்டுபிடிக்கப்பட்டது. முதல் உலகப்போர் முடிந்து ஐரோப்பாவிலிருந்து திரும்பிய ராணுவத் தளவாடங்களில் ஒட்டியிருந்த மண்ணோடு வந்திருக்கலாம் என்றே கருதப்படுகிறது. சான்று பெற்ற விதைக்கிழங்கை மட்டும் வாங்குங்கள். கிழங்கைக் கழுவிப் பார்த்தால் சுத்தமாகத் தெரிந்தாலும், கண்ணுக்குச் சிக்காத கூடு ஒட்டியிருக்க இடமுண்டு.

மண் பரிசோதனைக்கு ஒரே இடத்தில் ஒரு பிடி அள்ளி அனுப்புவதும் பயனற்றது. இந்தப் புழுக்கள் திட்டுத்திட்டாக வாழ்பவை. அறுவடை முடிந்ததும் வயலைக் குறுக்கும் நெடுக்கும் நடந்து, குறைந்தது ஐம்பது இடங்களில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக் கலக்க வேண்டும். முட்டைக்கூடு நூற்புழு பல நாடுகளில் தடைசெய்யப்பட்ட பீடை. கண்டுபிடித்தால் விதை விற்க முடியாதே என்று பயந்து மறைப்பவர்களின் சங்கடம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் வேளாண் துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் அடுத்தவர் வயல் சுத்தமாக இருப்பது அந்த ஒரு சொல்லில்தான் நிற்கிறது. சொன்னபின் வயலின் வரைபடத்தில் அந்தத் திட்டைக் குறித்து வையுங்கள். உழவோ அறுவடையோ, இயந்திரம் அங்கே கடைசியாகத்தான் இறங்க வேண்டும். ஏறியதும் வயல் ஓரத்திலேயே நிறுத்தி, மண் போகக் கழுவிவிட்டு அனுப்புங்கள்.