ஃபெல்ட் கம்பளி மிட்டன்: புதிதாகப் பின்னுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தில்லியில் தீபாவளி முடிந்த கையோடு ஊல் (பின்னல் நூல்) கடைகளில் கூட்டம் சேர ஆரம்பித்துவிடும். மார்கழி விடியலில் மலை மந்திர் முருகன் கோயிலுக்குப் போகிற தோழிக்கு, ஸ்கூட்டரில் ஆபீஸ் போகிற நண்பருக்கு, மணாலிக்குக் கிளம்புகிற அக்காவுக்கு என்று மிட்டன் பின்னிக் கொடுக்கப் பலருக்கும் ஆசை. கட்டைவிரலுக்குத் தனி உறை, மற்ற நான்கு விரலுக்கும் ஒரே உறை. அதைப் பெரிதாகப் பின்னி, வெந்நீரிலும் சோப்பிலும் கசக்கிச் சுருக்கினால் கண்ணிகள் மறைந்து கெட்டியான ஃபெல்ட் ஆகிவிடும். ஜனவரிக் காற்று லேசில் உள்ளே புகாது.

புதியவர்கள் இடறுகிற இடங்கள் மட்டும் வருஷா வருஷம் மாறுவதே இல்லை. கண்ணி நழுவுவது, வரிசை எண்ணிக்கை தப்புவது எல்லாம் கை பழகினால் போய்விடும். அவற்றை இங்கே விட்டுவிடுகிறோம்.

சுருங்காத நூலில் பின்னுவது

இருப்பதிலேயே பெரிய நஷ்டம் இதுதான். பார்க்கும்போதெல்லாம் எரிச்சல் மூட்டுவதும் இதுதான். கடையில் "ஊல் வேணும்" என்று கேட்டால் பெரும்பாலும் அக்ரிலிக்தான் எடுத்துப் போடுவார்கள். கடைக்காரர் ஏமாற்றுவதாக அர்த்தமில்லை. ஸ்வெட்டர் பின்னுகிற எல்லா நூலுக்கும் அங்கே அதுதான் பெயர். லேபிளைத் திருப்பிப் பார்க்க வேண்டியது வாங்குகிறவர் பொறுப்பு. பார்க்காமல் வாங்கி, இரண்டு வாரம் உட்கார்ந்து, முழங்கை வரை வருகிற ராட்சத மிட்டனைப் பின்னி, வெந்நீரில் போட்டு எடுத்தால் அது அதே நீளத்தில், கொஞ்சம் தொளதொளவென்று வெளியே வரும். நூலும் வீண், உழைப்பும் வீண்.

காரணம் இழையில் இருக்கிறது. கம்பளி இழையின் மேல்பரப்பில் நுண்ணிய செதில்கள் உண்டு. வெந்நீரும் சோப்பும் பட்டு, கூடவே கசக்கலும் சேர்ந்தால், இழைகள் ஒரே திசையில் நகர்ந்து ஒன்றுக்குள் ஒன்று மாட்டிக்கொள்ளும். செதில்கள் தடுப்பதால் பின்னோக்கி வர முடியாது. அதனால்தான் ஃபெல்ட் ஆன துணி மறுபடி நூலாக அவிழாது. அக்ரிலிக் இழையில் செதிலே கிடையாது. எத்தனை மணி நேரம் கசக்கினாலும் அது சுருங்காது.

இதைவிட மோசமாக ஏமாற்றக்கூடியது 'சூப்பர்வாஷ்' கம்பளி. அது நூறு சதவீதம் கம்பளிதான். ஆனால் மெஷினில் துவைத்தாலும் சுருங்கக் கூடாது என்பதற்காகவே குளோரின் போட்டுச் செதிலை மழுக்கியோ, மேலே மெல்லிய பிசின் பூசியோ பதப்படுத்தியிருப்பார்கள். விலையும் அதிகம். லேபிளில் 'சூப்பர்வாஷ்', 'மெஷின் வாஷபிள்' என்று இருந்தால் மிட்டனுக்கு எடுக்காதீர்கள். பாதி அக்ரிலிக் கலந்த நூலும் வேண்டாம். அங்கங்கே சுருங்கி, அங்கங்கே தொங்கும்.

லேபிள் இல்லாத உதிரி நூலென்றால் இரண்டு அங்குலத் துண்டை இடுக்கியில் பிடித்து, சிங்குக்குப் பக்கத்தில் ஸ்டீல் தட்டின் மேல் கொளுத்திப் பாருங்கள். கம்பளி முடி பொசுங்குகிற நாற்றம் அடிக்கும், நெருப்பை விலக்கினதும் தானே அணையும், சாம்பல் விரலில் நசுங்கும். அக்ரிலிக் உருகி எரிந்து கறுப்பு மணியாகக் கெட்டிப்படும். சூடாக இருக்கும்போது அதைத் தொடக் கூடாது. ஆனால் இந்தச் சோதனையில் சூப்பர்வாஷும் பாஸாகிவிடும். ஆகவே கடைசித் தீர்ப்பு ஸ்வாட்ச்சிடம்தான், அதாவது முன்கூட்டியே பின்னிப் பார்க்கிற மாதிரித் துண்டிடம்தான்.

எந்த நூலில் மிட்டன் பின்னப் போகிறீர்களோ அதே நூல், அதே ஊசி. 28 கண்ணி போட்டு 40 வரிசை பின்னுங்கள். அளந்து எழுதி வையுங்கள். பிறகு ஃபெல்ட் செய்து, காய்ந்ததும் மறுபடி அளந்து பாருங்கள். உதாரணமாக 20 செ.மீ. அகலம் 16 ஆகிறது, 21 செ.மீ. உயரம் 14 ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அகலத்தைவிட உயரம் அதிகமாகச் சுருங்குவது சகஜம். இதைத் தெரிந்துகொள்ளாமல் பின்னியவர்களின் மிட்டன்தான் அகலமாகவும் குட்டையாகவும் வந்து நிற்கும்.

இனி கணக்கு. முடிந்த மிட்டனின் சுற்றளவு 22 செ.மீ. வேண்டுமென்றால், 22-ஐ 0.8-ஆல் (16 ÷ 20) வகுக்க 27.5 செ.மீ. ஸ்வாட்ச்சில் 10 செ.மீ.க்கு 14 கண்ணி என்பதால் 38 கண்ணி போட வேண்டும். மணிக்கட்டிலிருந்து நுனி வரை 20 செ.மீ. நீளம் வேண்டுமென்றால், உயரம் மூன்றில் இரண்டு பங்காகச் சுருங்குவதால் 30 செ.மீ. பின்ன வேண்டும், அதாவது சுமார் 57 வரிசை. உங்கள் நூலுக்கு இந்த எண்கள் மாறும், முறை மாறாது.

"ஸ்வாட்ச்சுக்கு நூல் வீணாகுமே" என்கிற பதில்தான் பொறுக்க முடியாதது. அதற்குச் செலவாவது 20 கிராம் போல. ஒரு ஜோடிக்கு 120 முதல் 150 கிராம் வரை போகும். சேர்த்தே வாங்குங்கள், ஒரே சாய லாட்டில் (ஒரே தடவையில் சாயமேற்றிய நூலில்). நிறத்துக்கு நிறம் ஃபெல்ட் ஆகிற வேகம் வேறுபடும், வெளுத்த வெள்ளை பல சமயம் அடம்பிடிக்கும். ஆகவே இரண்டு நிறம் என்றால் இரண்டு ஸ்வாட்ச்.

ஊசி எண்ணைக் குழப்பிக்கொள்வது

நம் கடைகளில் கிடைக்கும் சலாயிகளில் (பின்னல் ஊசிகளில்) பழைய பிரிட்டிஷ் எண் இருக்கும். எண் ஏற ஏற ஊசி மெலியும்: 10-ஆம் நம்பர் 3.25 மி.மீ., 8-ஆம் நம்பர் 4 மி.மீ. அமெரிக்கக் குறிப்புகளில் தலைகீழ். அங்கே 10 என்றால் 6 மி.மீ. அந்தக் குறிப்பைப் பார்த்துக் கடையில் 10-ஆம் நம்பர் வாங்கிவந்தால் பின்னல் அட்டை மாதிரி இறுகிவிடும். இறுகிய பின்னலில் இழைகள் நகர இடமில்லை, சரியாக ஃபெல்ட் ஆகாது. மி.மீ.யை மட்டும் நம்புங்கள். சாதாரணமாக 4.5 மி.மீ.யில் பின்னுகிற தடிமன் நூலை மிட்டனுக்கு 6 அல்லது 6.5 மி.மீ.யில், அதாவது நம் 4 அல்லது 3-ஆம் நம்பரில், தளர்வாகப் பின்ன வேண்டும். துணிக்கு நடுவே வெளிச்சம் தெரிந்தால் சரி.

மணிக்கட்டில் ரிப் போடுவது

ரிப் என்பது இழுத்தால் விரிந்து மறுபடி இறுகுகிற பட்டைப் பின்னல். ஃபெல்ட் ஆனதும் ரிப்பின் இழுவை போய்விடும், விளிம்பு மணி போல விரியும். மிட்டனின் கைப் பகுதியை மட்டும் ஃபெல்ட் செய்யுங்கள். காய்ந்த பிறகு கூர்மையான தையல் ஊசியால் விளிம்பில் துளையிட்டு, கண்ணி எடுத்து, சுருங்காத நூலில் ரிப் பின்னுங்கள். சூப்பர்வாஷுக்கு இங்கேதான் வேலை.

கட்டைவிரல்

ஃபெல்ட் செய்யும்போது கட்டைவிரல் உறையின் உள்பக்கம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். நடுநடுவே வெளியே எடுத்து விரல் விட்டுப் பிரித்துவிடுங்கள்.

வெந்நீரில் போட்டுவிட்டு மறந்துபோவது

வாஷிங் மெஷினில் டாப் லோடோ செமி ஆட்டோமேட்டிக்கோ தான் வசதி. நினைத்தபோது மூடியைத் திறக்கலாம். பல மெஷின்கள் பச்சைத் தண்ணீரைத்தான் எடுக்கும், ஆகவே கீசர் தண்ணீரைப் பக்கெட்டில் பிடித்து ஊற்றுங்கள். 60 டிகிரி போதும். மிட்டன்களை ஜிப் வைத்த தலையணை உறையில் போடுங்கள், இல்லையென்றால் உதிர்கிற இழை வடிகுழாயை அடைக்கும். கசக்கல் கிடைக்க, சாயம் போகாத பழைய ஜீன்ஸ் ஒன்றைக் கூடவே போடுங்கள். டவல் வேண்டாம், அதன் பஞ்சு கம்பளிக்குள் சிக்கிக்கொண்டால் வெளியே வராது. ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை எடுத்துப் பாருங்கள். முதல் பத்து நிமிஷம் ஒன்றுமே நடக்காதது போல இருக்கும், சொல்லப்போனால் மிட்டன் இன்னும் தளர்ந்து பெரிதாகத் தெரியும். பிறகு சட்டென்று இறுகத் தொடங்கும். அந்த நேரத்தில் போன் பேசப் போனால் நண்பருக்குப் பின்னியது அவர் குழந்தைக்குத்தான் ஆகும். மீட்க வழியில்லை.

இரண்டு மிட்டனையும் ஒன்றாகவே போடுங்கள். ஒன்று முந்திக்கொண்டால் அதை மட்டும் எடுத்துவிடலாம்.

சோப்பைக் கொட்டுவது

நுரை அதிகமானால் மெத்தை போலாகி உரசலே இருக்காது. பாத்திரம் துலக்கும் லிக்விட் ஒரு ஸ்பூன் போதும். போர் தண்ணீர் வரும் காலனியில் கட்டி சோப்பு நுரைக்காது, வெள்ளைப் படலமாகக் கம்பளியில் ஒட்டும்.

சிவப்பும் வெள்ளையும்

ஸ்வாட்ச்சில் சாயம் இறங்கினால் சேர்க்கவே சேர்க்காதீர்கள்.

பிழிந்து கொடியில் தொங்கவிடுவது

முறுக்கிப் பிழிந்தாலோ ஸ்பின்னரில் ரொம்ப நேரம் சுற்றினாலோ மடிப்பு விழும், அது அப்படியே தங்கிவிடும். டவலில் சுருட்டி அழுத்தி நீரை எடுங்கள். ஈரத்தோடு உங்கள் கையில் மாட்டி வடிவம் கொடுங்கள். உள்ளே பிளாஸ்டிக் கவரைச் சுருட்டித் திணித்துத் தட்டையாக வையுங்கள். பனிமூட்ட நாளில் காய இரண்டு மூன்று நாள் ஆகும். இடையில் ஒருமுறை திருப்புங்கள். ஹீட்டருக்கு முன்னால் வைக்க வேண்டாம்.

கை அளவை ஊகிப்பது

கையின் போட்டோ வாங்காதீர்கள், அதில் அளவு தெரியாது. கட்டைவிரலை விட்டுவிட்டு உள்ளங்கைச் சுற்றளவு, மணிக்கட்டு ரேகையிலிருந்து நடுவிரல் நுனி வரை நீளம் என்று இரண்டே எண்களை செ.மீ.யில் கேளுங்கள். சுற்றளவில் 2, நீளத்தில் 1.5 செ.மீ. கூட்டிக்கொண்டால் விரல் அசைய இடமிருக்கும்.

துவைக்கும் முறை சொல்லாமல் கொடுப்பது

மிட்டனோடு ஒரு துண்டுச் சீட்டு வையுங்கள்: பச்சைத் தண்ணீர், கையால் அலசல், கசக்கக் கூடாது, நிழலில் உலர்த்தல். ஹோலிக்குப் பிறகு எடுத்துவைக்கும்போது அழுக்குப் போக அலசி, நன்றாகக் காயவைத்து, இறுக மூடும் கவரில் போடச் சொல்லுங்கள். வியர்வையோடு மடித்துவைத்த கம்பளியைத்தான் பூச்சி முதலில் தேடி வரும்.