பேட்டரியை மாற்றியும் ஸ்டார்ட் ஆகாத பைக்

பழைய ஸ்போர்ட் டூரிங் பைக் வாங்கியபின் மூன்றாவது நீண்ட பயணம். பெட்ரோல் போட நிறுத்திவிட்டு மறுபடி ஸ்டார்ட் பட்டனை அழுத்தினால் 'டிக் டிக்' சத்தம் மட்டும்தான். பேட்டரி போய்விட்டது என்று புதிது மாற்றினேன். இரண்டே வாரத்தில் அதே கதை.

அப்புறம்தான் மல்டிமீட்டரை எடுத்தேன். பேட்டரியை முழுதாகச் சார்ஜ் ஏற்றியபின் 12.6 வோல்ட், சரி. எஞ்சினை ஓடவிட்டு 5000 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 5000 சுற்று) பார்த்தால் 14 வோல்ட்டை ஒட்டி வரவேண்டியது, ஏறவே இல்லை. அதாவது வண்டி ஓடும்போது பேட்டரி சார்ஜ் ஆகவில்லை. சீட்டைக் கழற்றி, எஞ்சினில் மின்சாரம் உண்டாக்கும் ஸ்டேட்டரிலிருந்து, அதைப் பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றும் ரெகுலேட்டருக்குப் போகும் மூன்று மஞ்சள் வயர்களைப் பிடித்துக்கொண்டே போனேன். வெள்ளைக் கனெக்டர் பழுப்பேறி, ஒரு முனை பிளாஸ்டிக்கோடு உருகி ஒட்டியிருந்தது. முனையில் களிம்பு ஏறினால் மின்தடை கூடும். தடை கூடினால் சூடு. அந்தச் சூட்டில் முனை இன்னும் கெடும்.

ஸ்டேட்டர் பிழைத்திருந்தது. எஞ்சின் ஓடும்போது எந்த இரண்டு வயருக்கு இடையிலும் ஏசி (மாறுமின்) வோல்ட் ஒரே அளவு. எஞ்சினை நிறுத்திப் பார்த்தால் எந்த வயருக்கும் பாடியோடு தொடர்பில்லை. கனெக்டரை வெட்டி எறிந்து, பளபளக்கும் செம்பு தெரியும்வரை வயரைச் சீவி, சால்டர் வைத்து, சூட்டில் சுருங்கி வயரை மூடும் ஹீட் ஷ்ரிங்க் டியூப் போட்டேன். இப்போது 14.2.

பழைய வண்டி பார்க்கப் போகிறவர்கள் பெயின்ட்டுக்கு முன்னால் இந்தக் கனெக்டரைப் பாருங்கள்.