விக்கெட் என்றால் எந்த விக்கெட்?
ஆங்கிலக் கிரிக்கெட் வர்ணனையைக் கேட்பவர்கள், ‘விக்கெட்’ என்ற சொல்லை அது வரும் இடத்தைக் கொண்டே புரிந்துகொள்ள வேண்டும். விதிப்படி, 28 அங்குல உயரமுள்ள மூன்று ஸ்டம்புகளும் (நட்டுவைத்த குச்சிகள்) அவற்றின் மேல் அமரும் இரண்டு பெயில்களும் (சிறு கட்டைகள்) சேர்ந்ததே விக்கெட்; ஆயினும் ‘விக்கெட் மெதுவாக இருக்கிறது’ என்று வர்ணனையாளர் சொன்னால், அவர் குறிப்பிடுவது 22 கஜ நீளமுள்ள ஆடுகளத்தையே. பந்துவீச்சாளர் விக்கெட் எடுத்தார் என்றால் மட்டையாளர் ஆட்டமிழந்துவிட்டார் என்பது எவருக்கும் தெரியும்.

புதியவர்களைப் பெரிதும் குழப்புவது ‘7 விக்கெட் வித்தியாசத்தில் வெற்றி’ என்னும் தொடர்தான். இலக்கைத் துரத்தி வென்ற அணியின் கையில் மீதமிருந்த விக்கெட்டுகளையே அது குறிப்பதால், ஓர் அணிக்குரிய மொத்த விக்கெட்டுகளான 10இலிருந்து கழித்து, அந்த அணி மூன்று விக்கெட்டுகளை மட்டுமே இழந்தது என்று கொள்ள வேண்டும். ‘மூன்றாவது விக்கெட்டுக்கு 100 ஓட்டங்கள்’ என்பதோ, இரண்டாவது விக்கெட் விழுந்த பிறகு ஆடிய இணை சேர்த்த ஓட்டங்களைச் சொல்வதாகும்.