பணியாரக்கல்லின் குழி மேடாகத் தெரிவது ஏன்? வீட்டிலேயே செய்து பார்க்கச் சில காட்சிப்பிழைகள்

ஜனவரி முதல் பாதியில் தில்லியில் பள்ளிக்கூடம் இருக்காது, குளிர்கால விடுமுறை. இந்த முறை மூடுபனி மதியம் வரை விலகாத நாட்கள் நிறைய. மயூர் விஹாரில் எங்கள் பால்கனியில் நின்றால் எதிர்க் கட்டடம் தெரியாது. என் மகளும் மேல் வீடு, கீழ் வீட்டுப் பிள்ளைகளுமாக ஐந்து பேர் எங்கள் கூடத்திலேயே அடைந்து கிடந்தார்கள். காரைக்குடியிலிருந்து வந்திருந்த என் அம்மாவும் அவர்களோடு சேர்ந்துகொண்டார். அந்த வாரம் நாங்கள் செய்து பார்த்ததைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். அறிவியல் படித்திருக்க வேண்டியதில்லை.

வெள்ளைத்தாள், கறுப்பு ஸ்கெட்ச் பேனா, கலர் பென்சில், ஸ்கேல், ஒரு பூதக்கண்ணாடி, டார்ச், கேமரா உள்ள ஃபோன், பணியாரக்கல். இவ்வளவு போதும்.

தொடங்கும் முன் ஒன்று. கண்ணுக்குக் கிடைக்கும் தகவல் மிகக் கொஞ்சம். மிச்சத்தை மூளை ஊகித்து நிரப்பிக்கொள்கிறது. அந்த ஊகம் பெரும்பாலும் சரியாகவே இருப்பதால், ஊகிக்கிறோம் என்பதே நமக்குத் தெரிவதில்லை. அது சறுக்கும் இடத்தில்தான் கையும் களவுமாகப் பிடிபடும். கீழே உள்ள ஒவ்வொன்றும் அப்படிப் பிடிக்கும் வழி.

1. சுவரில் தலைகீழ் ஜன்னல்

பகலில் அறை விளக்கை அணையுங்கள். ஒரே ஒரு ஜன்னலை மட்டும் திறந்து வைத்து, எதிர்ச் சுவரில் வெள்ளைத்தாளை ஒட்டுங்கள். தாளுக்கு முன்னால் பூதக்கண்ணாடியைப் பிடித்து மெதுவாக முன்னும் பின்னும் நகர்த்தினால், ஓரிடத்தில் ஜன்னலின் குட்டிப் படம் தலைகீழாக விழும். உங்கள் கண்ணுக்குள்ளும் இதேதான் நடக்கிறது. கண்ணின் முன்பக்கத்தில் உள்ள கார்னியா என்ற தெளிந்த படலமும், உள்ளே இருக்கும் லென்ஸும் ஒளியை வளைத்து, பின்பக்கத்தில் உள்ள விழித்திரையில் தலைகீழ்ப் படமாக விழவைக்கின்றன. இதை 1604-இல் விளக்கி எழுதியவர் கெப்ளர், கோள்களின் பாதையைக் கணக்கிட்ட அதே கெப்ளர்.

"அப்ப உலகம் ஏன் நேராத் தெரியுது?" என்று உடனே கேட்டார்கள். நல்ல கேள்வி. விழித்திரையில் விழும் படத்தை உள்ளே உட்கார்ந்து யாரும் பார்ப்பதில்லை. எந்தச் செல்லில் எவ்வளவு ஒளி பட்டது என்ற செய்தி மட்டும்தான் நரம்பு வழியே போகிறது. எது மேல், எது கீழ் என்பதை மூளை அந்தச் செய்தியிலிருந்து கணக்குப் போட்டுக்கொள்கிறது.

2. காணாமல் போகும் பொட்டு

இதை அவசரப்படாமல் செய்யுங்கள். தாளின் இடது பக்கம் ஒரு கூட்டல் குறி போடுங்கள். அதே உயரத்தில், வலப்பக்கம் 8 செ.மீ. தள்ளி, ஒரு செ.மீ. அகலத்தில் கறுப்புப் பொட்டு ஒன்று வையுங்கள். இடது கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, வலது கண்ணால் கூட்டல் குறியை மட்டும் பாருங்கள். தாளைக் கை நீட்டும் தூரத்திலிருந்து மெதுவாக முகத்தை நோக்கிக் கொண்டு வாருங்கள். ஏறக்குறைய 30 செ.மீ. தூரத்தில் பொட்டு மறையும். இன்னும் பக்கத்தில் வந்தால் திரும்பத் தோன்றும்.

மறையவில்லை என்றால், கண் பொட்டின் பக்கம் ஓடியிருக்கும். ஐந்து பிள்ளைகளில் மூன்று பேருக்கு முதல் தடவை அப்படித்தான் ஆனது. கூட்டல் குறியின் நடுப்புள்ளியிலேயே கண் நிற்க வேண்டும்.

அப்புறம் அந்தப் பொட்டுக்கு நடுவே குறுக்காக, இரு பக்கமும் நீளும்படி ஒரு கோடு இழுத்து மறுபடி செய்யுங்கள். பொட்டு மறையும்போது அங்கே ஓட்டை எதுவும் தெரியாது. கோடு அறுபடாமல் ஓடும்! தாளுக்கு மஞ்சள் பூசினால் அந்த இடமும் மஞ்சளாகவே தெரியும்.

விழித்திரையில் கிளம்பும் சுமார் 10 லட்சம் நரம்பிழைகள் ஓரிடத்தில் கூடி, கண்ணை விட்டு வெளியேறுகின்றன. அந்த இடத்தில் ஒளியை உணரும் செல் ஒன்றுகூடக் கிடையாது. குருட்டுப்புள்ளி என்பது இதுதான். பிரான்சின் எட்மே மாரியோட் இதை 1660-களில் கண்டுபிடித்தார். அதற்கு முன் எத்தனை ஆயிரம் ஆண்டுகள் மனிதர்கள் இந்த ஓட்டையைச் சுமந்துகொண்டே, அதை அறியாமல் வாழ்ந்திருக்கிறார்கள் என்று நினைத்தால் எனக்கு இன்றும் பிரமிப்பு. இரண்டு கண்ணும் திறந்திருக்கும்போது ஒன்றின் ஓட்டையை மற்றது ஈடுகட்டும். ஒரு கண்ணை மூடினாலோ, சுற்றியுள்ளதைப் பார்த்து மூளை ஒட்டுப் போட்டுவிடும். ஆக்டோபஸுக்கு இந்தச் சிக்கலே இல்லை. அதன் நரம்பிழைகள் விழித்திரைக்குப் பின்பக்கமாகவே வெளியேறுகின்றன.

3. கட்டைவிரல் நகம் அளவுக்குத்தான் தெளிவு

செய்தித்தாளின் நடுவில் ஒரு சொல்லைப் பாருங்கள். கண்ணை அசைக்காமல் நாலைந்து சொல் தள்ளி என்ன எழுதியிருக்கிறது என்று படிக்க முயலுங்கள். முடியாது. ஒரு கண்ணில் ஒளியை உணரும் செல்கள் இரண்டு வகை: கூம்புச் செல்கள் சுமார் 60 லட்சம், குச்சிச் செல்கள் சுமார் 12 கோடி. நுணுக்கமாகப் பார்க்க உதவும் கூம்புகள் விழித்திரையின் நடுவில் ஒரு சிறு குழியில்தான் நெருக்கமாக அடைந்திருக்கின்றன. கையை நீட்டிப் பிடித்தால் கட்டைவிரல் நகம் மறைக்கும் அளவுதான் அதன் ஆட்சி. அதனால்தான் கண் நொடிக்கு மூன்று தடவை போலத் தாவிக்கொண்டே இருக்கிறது.

தாவுவது நமக்குத் தெரிகிறதா? கண்ணாடி முன் நின்று உங்கள் இடது கண்ணைப் பாருங்கள், பிறகு வலது கண்ணை, மறுபடி இடது. உங்கள் கண் நகர்வதை ஒரு தடவைகூட உங்களால் பார்க்க முடியாது. பக்கத்தில் நின்ற அம்மா, "நல்லா உருளுதே, உனக்குத் தெரியலையா?" என்று பேத்தியைக் கேட்டார். அவளுக்குத் தெரியவில்லை. கண் தாவும் அந்தக் கணத்தில் வரும் கலங்கலை மூளை அடக்கிவிடுகிறது. இதையே ஃபோனின் செல்ஃபி கேமராவில் செய்தால் கண் நகர்வது தெரியும். படம் திரைக்கு வந்து சேரச் சற்றே தாமதமாகிறது, அதற்குள் கண் தாவி முடித்திருக்கும்.

4. பணியாரக்கல்

எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். அம்மா ஊரிலிருந்து தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் தூக்கிக்கொண்டு வந்த ஏழு குழி இரும்புக்கல்லில் செய்தோம்.

கல்லை நன்றாகத் துடைத்து, மேலே மெல்லிசாக அரிசி மாவைத் தூவுங்கள். எண்ணெய்ப் பளபளப்பு இருந்தால் ஒளி பட்டுத் தெறித்து எல்லாம் கெட்டுவிடும், மாவு அதை மட்டுப்படுத்தும். கல்லைத் தரையில் வைத்து அறையை இருட்டாக்குங்கள். டார்ச்சை ஒரே பக்கத்திலிருந்து சாய்வாக அடிக்க வேண்டும், நேர் மேலிருந்து அடிக்கக் கூடாது. நேர் மேலிருந்து ஃபோனில் படம் எடுங்கள். டார்ச் இருந்த பக்கம் படத்தின் மேல்பக்கமாக அமையட்டும். கைப்பிடி படத்தில் விழாமல் குழிகளை மட்டும் நெருக்கமாக எடுப்பது முக்கியம். கைப்பிடி தெரிந்தால் மூளை உஷாராகிவிடும்.

படத்தைப் பாருங்கள், குழி குழியாகத் தெரியும். இனி ஃபோனில் படம் தானாகச் சுழல்வதை நிறுத்திவிட்டு, ஃபோனைத் தலைகீழாகத் திருப்புங்கள். குழிகள் எல்லாம் பணியாரம் மாதிரி உப்பிக்கொண்டு மேலே வந்து நிற்கும்!

அம்மா ஃபோனைக் கையில் வாங்கி நாலு தடவை திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நாப்பது வருஷமா இதுல ஊத்துறேன், இது குழிதான்னு எனக்குத் தெரியாதா? ஆனா மேடாத்தானே தெரியுது" என்றார். அவர் சொன்னதில்தான் விஷயமே இருக்கிறது. தெரிந்திருந்தாலும் காட்சிப்பிழை விலகாது. பார்வைக் கணக்கு நம் அறிவைக் கேட்டுக்கொண்டு நடப்பதில்லை. ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 19-ஆம் நூற்றாண்டிலேயே இதற்குப் பேர் வைத்தார்: நாம் அறியாமல் நடக்கும் அனுமானம்.

இங்கே அனுமானம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். படத்தின் மேல்பக்கத்திலிருந்து வெளிச்சம் விழும்போது குழியின் மேல் ஓரத்தில் நிழல் இருக்கும், கீழ் ஓரம் பளிச்சென்று இருக்கும். மேட்டுக்கு நேர் எதிர், மேல் ஓரம் வெளிச்சம், கீழ் ஓரம் நிழல். படத்தைத் திருப்பியதும் நிழல் கீழே வந்துவிட்டது. வெளிச்சம் கீழிருந்து வந்திருக்கலாம் என்று மூளை யோசிப்பதில்லை. சூரியன் தலைக்கு மேலேதான் இருக்கும் என்ற பழக்கத்தில், "இது மேடு" என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறது. நிலவின் பள்ளங்களைக் காட்டும் படங்களைத் தலைகீழாக்கினாலும் இப்படித்தான் ஆகும்.

நிழல் கணக்கில் இன்னொன்றும் உண்டு. வெயிலில் கிடக்கும் கரித்துண்டிலிருந்து வரும் ஒளி, விளக்கு வெளிச்சத்தில் இருக்கும் வெள்ளைத்தாளிலிருந்து வருவதைவிட அதிகம். ஆனாலும் கரி கறுப்பு, தாள் வெள்ளை. ஒளியின் அளவை விட்டுவிட்டு, சுற்றியிருப்பதோடு ஒப்பிட்டு நிறத்தை முடிவு செய்கிறோம். ஒரே சாம்பல் நிற அட்டையில் இரண்டு துண்டு வெட்டி, ஒன்றைக் கறுப்புத் துணி மேலும் மற்றொன்றை வெள்ளைத் துணி மேலும் வையுங்கள். கறுப்பின் மேல் இருப்பது வெளிறித் தெரியும். 1995-இல் எட்வர்ட் ஏடல்சன் வரைந்த, ஒரே சாம்பல் நிறமுள்ள இரண்டு கட்டங்கள் வேறு வேறு நிறமாகத் தெரியும் சதுரங்கப் பலகைப் படம் உலகம் முழுக்கப் பரவியது இந்த ஒப்பீட்டால்தான்.

5. தண்டவாளமும் இரண்டு தீக்குச்சியும்

தாளில் மேலே போகப் போக நெருங்கும் இரண்டு சாய்கோடுகள் வரையுங்கள், தூரத்தில் போகும் தண்டவாளம் மாதிரி. ஒரே நீளமுள்ள இரண்டு தீக்குச்சிகளில் ஒன்றை மேலேயும் ஒன்றைக் கீழேயும் படுக்கையாக வையுங்கள். மேலே உள்ளது நீளமாகத் தெரியும். இத்தாலியின் மாரியோ போன்சோ பெயரால் வழங்கும் பிழை இது.

தண்டவாளமும் சாலையும் பார்த்துப் பழகிய கண், மேலே இருப்பது தூரத்தில் இருக்கிறது, அப்படியென்றால் பெரிதாக இருக்க வேண்டும் என்று கணக்குப் போடுகிறது. நானும் பல வருடம் இதை மட்டும்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் வட இந்தியாவில் நடந்த ஓர் ஆய்வு இந்த விளக்கத்தை ஆட்டிப் பார்த்திருக்கிறது. தில்லியில் வளர்ந்து இப்போது அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பேராசிரியராக இருக்கும் பவன் சின்ஹா, 'பிராஜெக்ட் பிரகாஷ்' என்ற திட்டத்தைத் தொடங்கினார். பிறவியிலேயே கண்புரையால் பார்வை இல்லாமல் இருந்த பிள்ளைகளுக்கு அறுவை சிகிச்சை செய்து பார்வை தருவதும், அவர்கள் பார்க்கக் கற்பதைக் கவனிப்பதும் அதன் வேலை. பார்வை வந்தவுடனேயே 8 முதல் 16 வயது வரையுள்ள ஒன்பது பேருக்கு இந்தத் தண்டவாளப் படத்தைக் காட்டினார்கள். அவர்களும் நம்மைப் போலவே ஏமாந்தார்கள். 2015-இல் வெளியான முடிவு இது. வாழ்நாளில் ஒரு தண்டவாளத்தைக்கூடப் பார்க்காத கண்கள்! அப்படியானால் இந்தக் கணக்கு பார்த்துப் பழகியதால் மட்டுமே வருவதாக இருக்க முடியாது.

தூரத்தைப் பற்றிப் பேசும்போது தில்லிக்காரர்களிடம் ஒரு வார்த்தை. மங்கலாகத் தெரிவதைத் தூரத்தில் இருப்பதாக எடுத்துக்கொள்வதும் மூளையின் பழக்கம். மூடுபனியில் முன்னால் போகும் வண்டி, உண்மையில் இருப்பதைவிடத் தள்ளி இருப்பதாகத் தோன்றும். ஜனவரியில் ஆக்ரா பக்கம் ஓட்டிக்கொண்டு போகிறவர்கள், கண் சொல்வதைவிட இரண்டு மடங்கு இடைவெளி விடுங்கள்.

6. மேலே ஏறும் குற்றாலம்

குற்றால அருவி வீடியோ ஒன்றை, கேமரா அசையாமல் எடுத்ததாகப் பார்த்துப் போடுங்கள். நடுவில் ஒரு பாறையை மட்டும் ஒரு நிமிடம் உற்றுப் பார்த்துவிட்டு, வீடியோவை நிறுத்துங்கள். அசையாத படம் மெல்ல மேல்நோக்கி ஊர்வது போல இருக்கும். ராபர்ட் ஆடம்ஸ் என்பவர் ஸ்காட்லாந்தில் ஓர் அருவியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது இதைக் கவனித்து 1834-இல் எழுதினார். மூளையில் கீழ்நோக்கிய அசைவுக்கென்று சில செல்கள், மேல்நோக்கிய அசைவுக்கென்று சில செல்கள் உண்டு. ஒரு நிமிடத்தில் முதல் கூட்டம் களைத்துவிடுகிறது. அருவி நின்றதும் மற்ற கூட்டத்தின் குரல் ஓங்கிவிடுகிறது.

நிறத்திலும் இதே களைப்பு உண்டு. குடியரசு தினத்துக்குப் பிள்ளைகளை வைத்து இப்படிச் செய்யுங்கள்: மேலே நீலப் பட்டை, நடுவில் கறுப்புப் பட்டை, கீழே அடர் இளஞ்சிவப்புப் பட்டை, நட்ட நடுவில் சின்ன மஞ்சள் வட்டம். மஞ்சளை அரை நிமிடம் அசையாமல் பார்த்துவிட்டு வெள்ளைச் சுவரைப் பார்க்கச் சொல்லுங்கள். சுவரில் மூவர்ணக் கொடி மிதக்கும்.

7. தைப்பூச நிலா

கடைசியாக ஒன்றை மாடியிலும் செய்யலாம், ராமகிருஷ்ணபுரத்தில் உள்ள மலை மந்திர் என்ற முருகன் கோயிலிலும் செய்யலாம். தைப்பூசத்தை ஒட்டிய பௌர்ணமி மாலையில் நாங்கள் கோயில் மேட்டில் கிழக்குப் பார்த்து நின்றோம். கட்டடங்களுக்கு மேலே நிலா தாம்பாளம் அளவுக்கு எழுந்தது. கையை நீட்டிச் சுண்டுவிரல் நகத்தால் அதை மூடிப் பாருங்கள், முழுவதும் மறைந்துவிடும். பிறகு செய்தித்தாளைக் குழலாகச் சுருட்டி, அக்கம்பக்கக் கட்டடம் தெரியாதபடி நிலாவை மட்டும் பாருங்கள். சட்டென்று சுருங்கும். உண்மையில் அடிவானத்து நிலா உச்சி நிலாவைவிடப் பூமியின் ஆரம் அளவுக்கு, ஏறத்தாழ 6,400 கி.மீ., நமக்குத் தள்ளி இருக்கிறது. அதனால் அது ஒரு துளி சின்னதாகவே இருக்க வேண்டும். இது ஏன் பெரிதாகத் தெரிகிறது என்பதில் அறிஞர்களுக்குள் இன்னும் ஒருமித்த முடிவு இல்லை.

இரவு பத்து மணிக்கு வீட்டு மாடியில் மறுபடி கையை நீட்டினோம். நிலா உச்சியை நோக்கி ஏறியிருந்தது, வெள்ளி நாணயம் மாதிரி. "சாயங்காலம் பார்த்ததுல பாதிகூட இல்லையே" என்று சொல்லிக்கொண்டே அம்மா சுண்டுவிரலைத் தூக்கினார். அதே நகம்தான் மூடியது.