புது காற்பந்து கிளப்புக்கு ஜெர்சி வாங்கறதுக்கு முன்னாடி எதெல்லாம் பாக்கணும் – பிஜே சிட்டி கதைய வச்சு

அக்கா மகன் போன மாசம் வந்து கேட்டான், மாமா, லீக்ல புதுசா ஒரு டீம் வந்திருக்கு, நல்லா ஆடறாங்க, ஜெர்சி வாங்கலாமான்னு. ஜெர்சி வெலய கேட்டேன், சொன்னான், அந்தக் காசுக்கு வீட்டுக்கே ரெண்டு வாரம் மீன் வாங்கலாம். சரி உக்காருடான்னு சொல்லி மாமாக் கடையில ரெண்டு தே தாரிக் ஆர்டர் பண்ணிட்டு அவனுக்கு சொன்னதத்தான் இங்க எழுதறேன், கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

லீக் டேபிளப் பாத்து ஒரு கிளப் நெலைக்குமா நெலைக்காதான்னு சொல்லவே முடியாது. இதுக்கு பெட்டாலிங் ஜெயா சிட்டி எஃப்சி, சுருக்கமா பிஜே சிட்டி, மாதிரி உதாரணம் நம்ம மலேசியாவுல கெடைக்காது. 2019ல நாட்டோட மொதல் டிவிஷனான சூப்பர் லீக்குக்கு வந்தாங்க, நாலு சீசன் ஆடுனாங்க, ஒரு தடவ கூட கீழ எறங்கல, 2022 சீசன் முடிஞ்சதும் நாங்க வெலகிக்கறோம்னு அவங்களே சொல்லிட்டு போயிட்டாங்க. அதே நேரத்துல மலாக்கா யுனைட்டடுக்கும் சரவாக் யுனைட்டடுக்கும் லீக்ல ஆட லைசன்ஸ் கெடைக்கல, பணப் பிரச்சன, அது எல்லாரும் எதிர்பார்த்ததுதான், ஆனா பிஜே சிட்டி போனது யாருக்கும் புடிபடல. அதனாலதான் அடுத்த வருஷம் சூப்பர் லீக் 14 டீமோட நடந்துச்சு.

இப்ப அந்தக் கிளப்ப ஒவ்வொரு பக்கமா பிரிச்சுப் பாப்போம், அப்பதான் அடுத்த கிளப்ப எப்படி பாக்கறதுன்னு தெரியும்.

மொதல் வேல, பேர நோண்டறது. இந்த கிளப் முன்னாடி என்ன பேர்ல இருந்துச்சு, எத்தன தடவ பேரு மாறுச்சு, ஒவ்வொரு தடவயும் யாருக்காக மாறுச்சுன்னு தேடுங்க. பிஜே சிட்டியோட பழைய பேரு மிஃபா, அதாவது மலேசிய இந்தியர் காற்பந்து சங்கம், மஇகாவுல, அதாவது மலேசிய இந்தியர் காங்கிரஸ் கட்சியில, இருந்த டத்தோ டி. மோகன் தலைமையில ஓடுன டீம். எஃப்ஏஎம் லீக்ல, அதாவது அப்ப இருந்த மூணாவது டிவிஷன்ல ஆடி, 2017ல ரெண்டாவது டிவிஷனான பிரிமியர் லீக், 2018 முடிஞ்சதும் சூப்பர் லீக். ரெண்டே வருஷத்துல ரெண்டு படி.

எங்க ஆளுங்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்னு வெளியில இருக்கறவங்களுக்குப் புரியாது. ஆறுமுகம் கோல் போஸ்ட்ல நின்னா ஸ்பைடர்மேன்னு கூப்புட்ட நாடு இது, கேப்டன் சந்திரன் காலம் ஒன்னு இருந்துச்சு, 2010ல தென்கிழக்காசிய நாடுகளோட ஏஎஃப்எஃப் கோப்பய வாங்கிக் குடுத்த கோச்சே கே. ராஜகோபால்தான், ஆனா அதுக்கப்புறம் தேசிய டீம் லிஸ்ட்ல நம்ம பேரத் தேடித்தான் பாக்க வேண்டி இருக்கு. தோட்டம் இருந்தப்ப தோட்டத்துக்கு ஒரு திடல், ஞாயித்துக்கிழம ஆட்டம்னு இருந்துச்சு, தோட்டத்த வித்துட்டு டவுன்ஷிப் கட்டுனதும் திடலும் போச்சு பசங்களும் போனாங்க. அப்படி இருக்கறப்ப இந்தியர் பேர வச்ச ஒரு டீம் ஜொகூரோட பெரிய டீமான ஜேடிடி கூட ஆடப் போவுதுன்னா வயசான ஆளுங்கள்லாம் போன் போட்டுப் பேசுனாங்க.

ஆனா மேல ஏறுன அதே நேரத்துல பேரு பெட்டாலிங் ஜெயா சிட்டி ஆயிருச்சு. வியாபாரமா பாத்தா இது சரியான முடிவுன்னு நானே சொல்லுவேன், சூப்பர் லீக்ல ஒரு இனத்தோட பேர வச்சுக்கிட்டு ஸ்பான்சர் தேடறது கஷ்டம், எல்லா இனத்துப் பசங்களும் ஆடுன டீம் வேற. ஆனா பேரு மாறுனதும் நம்ம பெருசுங்களுக்கு பாதி பாசம் கொறஞ்சிருச்சு, அந்தப் பக்கம் பிஜேக்காரங்களுக்கு புதுசா பாசம் வரவும் இல்ல. ரெண்டு நாற்காலிக்கு நடுவுல உக்காந்த மாதிரி. பேரு மாறுன கிளப்புன்னா இதத்தான் பாக்கணும், பழைய கூட்டம் கூடவே வந்துச்சா, புதுக் கூட்டம் சேந்துச்சா.

அடுத்தது திடலும் கூட்டமும், எனக்கு இதுதான் ரொம்ப முக்கியம். பிஜே சிட்டியோட வீடு கிளானா ஜெயாவுல இருக்கற எம்பிபிஜே ஸ்டேடியம், நல்ல ஸ்டேடியம், சுமார் 25,000 பேரு உக்காரலாம். அதுல சில ஆயிரம் பேரு வந்தாலும் காலியாத்தான் தெரியும், பந்த ஒதைக்கற சத்தம் மேல் படி வரைக்கும் கேக்கும், கோச் கத்தறது கேக்கும், நானே பின்னாடி உக்காந்துகிட்டு கேட்டிருக்கேன். ஏன் கூட்டம் இல்லன்னு யோசிச்சா ரொம்ப சிம்பிள், பிஜே இருக்கறது சிலாங்கூர்ல. சிலாங்கூர் 33 தடவ மலேசியா கோப்ப தூக்குன டீம், பிஜேல பொறந்த புள்ளைக்கு அவங்கப்பா வாங்கிக் குடுக்கற மொதல் ஜெர்சி செவப்பும் மஞ்சளும்தான். அப்பறம் அவங்களோட ஷா ஆலம் ஸ்டேடியம் மூடுனதும் சிலாங்கூரே எம்பிபிஜேக்கு வந்து ஆட ஆரம்பிச்சிருச்சு. ஒரே வீடு, ஒரு பக்கம் நூறு வருஷத்துக் குடும்பம், இன்னொரு பக்கம் நேத்து வந்த வாடகைக்காரன், அக்கம்பக்கத்துக்காரன் யாரு வீட்டு விசேஷத்துக்குப் போவான்னு நீங்களே சொல்லுங்க.

அதனால புது கிளப்னா டிவியில பாக்காதீங்க. ஒரு சாதாரண ஆட்டத்துக்கு, ஜேடிடி, சிலாங்கூர் மாதிரி பெரிய டீம் வராத ஒரு செவ்வாய்க்கெழம ராத்திரி ஆட்டத்துக்கு நேர்ல போங்க. ஹோம் டீம் ஜெர்சி போட்டவங்கள எண்ணுங்க, அதுல ஆட்டக்காரங்களோட சொந்தக்காரங்கள கழிச்சிருங்க (கண்டுபுடிக்கறது ஈசி, அவங்க ஒரே ஆளோட பேரத்தான் கத்துவாங்க), மீதி எத்தன பேரோ அதுதான் அந்தக் கிளப்போட உண்மையான சொத்து. டிக்கெட் கவுண்டர் பக்கத்துல சட்டை, சால்வ விக்கறவன் இருக்கானான்னும் பாருங்க, ஸ்டேடியம் வாசல்ல கடை போடறவனுக்கு நம்மள விட நல்லா கணக்குத் தெரியும்.

இதுல 2020 வேற. பிஜே சிட்டிக்கு சூப்பர் லீக்ல ரெண்டாவது வருஷம், கொஞ்சம் கொஞ்சமா ஆளு சேர்ற நேரம், கோவிட் வந்து மார்ச்ல லீக்க நிறுத்திட்டாங்க, திரும்ப ஆரம்பிச்சப்ப சீசனே 11 ஆட்டம்தான், கூட்டத்தையும் உள்ள விடல, மலேசியா கோப்பைய கேன்சல் பண்ணிட்டாங்க. பழைய டீமுக்கு அது ஒரு மோசமான வருஷம், புது டீமுக்கு வேரு பிடிக்கற வருஷமே காணாம போன மாதிரி.

மூணாவது, யாரு பாக்கெட்டுன்னு பாருங்க. எல்லா கிளப்லயும் யாராவது ஒருத்தர் பணம் போடறாங்க, அது தப்பில்ல, கேள்வி என்னன்னா அந்த ஒருத்தர் கைய எடுத்தா அடுத்த நாள் சம்பளம் யாரு குடுப்பா. பிஜே சிட்டி பின்னாடி இருந்தது கியூஐ குரூப், விஜய் ஈஸ்வரனோட கம்பெனி, ஜெர்சி நெஞ்சுல கியூநெட்னு போட்டிருக்கும். பணம் இருந்துச்சு, ஆனா மொதலாளி ஸ்பான்சர் ரெண்டும் ஒரே குடும்பம். இந்த மாதிரி இருந்தா நெஞ்சுல இருக்கற பேர ஸ்பான்சர்னு எண்ணாதீங்க, வலது பாக்கெட்லருந்து எடுத்து எடது பாக்கெட்ல போடறதுதான் அது. தோள்லயும் முதுகுலயும் வேற கம்பெனிங்க எத்தன இருக்குன்னு பாருங்க, ஊருக்குள்ள இருக்கற டயர் கடை, கிளினிக் மாதிரி சின்னவங்க காசு போட்டிருந்தா எனக்கு இன்னும் நம்பிக்க ஜாஸ்தி.

இதே கதை ஃபெல்டாங்கற அரசு நில மேம்பாட்டு அமைப்போட டீமான ஃபெல்டா யுனைட்டட்ல நடந்துச்சு, 2018 பிரிமியர் லீக் சாம்பியன், 2020க்கு அப்பறம் ஆளே இல்ல. சிலாங்கூர் அரசு நிறுவனத்தோட டீமான பிகேஎன்எஸ் அதுக்கு முன்னாடியே சிலாங்கூரோட ரெண்டாவது டீமா மாறிடுச்சு. இன்னும் பின்னாடி போனா மைடீம், 2006ல டிவி ஷோல ஆள் பொறுக்கி தேசிய டீமோடயே மோதுனாங்களே, நாடே பேசுச்சு, சில வருஷத்துல அதுவும் போச்சு. மாநில டீமுன்னா சேஃப்புன்னு நெனைக்காதீங்க, 1921லருந்து இருக்கற பேராவே 2025ல லீக்க விட்டு வெளிய போச்சு, கெடாவுக்கு லைசன்ஸ் கெடைக்கல.

பேப்பர் வேலயும் கொஞ்சம் பண்ணலாம், பயப்படாதீங்க, கஷ்டம் இல்ல. 2021 சீசன்லருந்து சூப்பர் லீக் டீமெல்லாம் கம்பெனியா மாறணும்னு லீக்க நடத்தற எம்எஃப்எல் கேட்டதால பெரும்பாலும் எல்லாரும் சென்டிரியான் பெர்ஹாட், அதாவது தனியார் கம்பெனி, ஆயிட்டாங்க. கம்பெனின்னா கம்பெனிங்கள பதிவு பண்ற எஸ்எஸ்எம்ல பதிவு இருக்கும், ஆன்லைன்ல கொஞ்சம் காசு கட்டுனா டைரக்டர் யாரு, ஷேர் யாரு கையில, கடைசியா எப்ப கணக்கு காட்டுனாங்கன்னு யாரு வேணா வாங்கிப் பாக்கலாம். கணக்கே காட்டாம ரெண்டு மூணு வருஷம் போயிருந்தா மேல படிக்க வேணாம். அப்பறம் லைசன்ஸ் செய்தி வர்ற சீசன்ல எஃப்ஐபின்னு ஒரு குழு முடிவு சொல்லும், அதுல சம்பளம், இபிஎஃப் (ஊழியர் சேமநிதி), வருமான வரி பாக்கின்னு எந்த கிளப் பேரு அடிபடுதுன்னு குறிச்சு வச்சுக்கோங்க. ஒரு கிளப்ல ஆட்டக்காரன் சம்பளத்துக்கு முன்னாடி இபிஎஃப்தான் நிக்கும், ஏன்னா சம்பளம் வரலன்னா அவன் அன்னைக்கே கத்துவான், இபிஎஃப் வரலன்னா அவனுக்கே தெரிய மாசக்கணக்காவும்.

கடைசியா ஒன்னு, செலவு கொறைக்கறத கொள்கைன்னு சொல்றாங்களான்னு காது குடுத்துக் கேளுங்க. இத சொல்ல எனக்கே மனசு வரல. 2019ல தேசிய டீமுக்கு ஆடுன ஸ்ட்ரைக்கர் சஃபி சாலி, பிரேசில்காரர் வாஷிங்டன் பிரண்டாவ்னு ஆள் வச்சிருந்த டீம், கோச் கே. தேவன். அப்பறம் கோச் பி. மணியம் வந்தப்ப வெளிநாட்டு ஆட்டக்காரனே வேணாம், முழுக்க லோக்கல்னு முடிவு பண்ணாங்க. மத்த டீமெல்லாம் இம்போர்ட்ட வச்சு கோல் போடறப்ப இவங்க உள்ளூர்ப் பசங்கள வச்சே லீக்ல நின்னாங்க, கோல்கீப்பர் கலாமுல்லாவ தேசிய டீம் கூப்புட்டுச்சு, டேரன் லோக் இங்கதான் திரும்ப ஃபார்முக்கு வந்து தேசிய டீமுக்கும் ஆடினார். உண்மையிலயே பெருமையான விஷயம், மணியம் செஞ்ச வேலைக்கு இன்னும் சரியான பேரு கெடைக்கலன்னு நான் சொல்லுவேன். ஆனா ஒரு மொதலாளி செலவக் கொறைக்கறப்ப அது ரெண்டுல ஒன்னா இருக்கலாம், நீண்ட நாளைக்கு நிக்கறதுக்கான திட்டம், இல்ல வெளிய போற வழியில மொதல் படி, வெளியிலருந்து பாக்கறவனுக்கு ரெண்டும் ஒரே மாதிரித்தான் தெரியும். வித்தியாசம் கண்டுபுடிக்க ஒரே வழி அகாடமியப் பாருங்க, 17, 19 வயசுப் பசங்க டீமுக்கு காசு ஏறுதா எறங்குதா. பிஜே சிட்டி போறப்ப சொன்ன காரணமே கீழ்மட்டத்துல பசங்கள வளக்கறதுல கவனம் செலுத்தப் போறோம்னுதான், ஆனா மேல ஆட டீமே இல்லாம வளந்த பையன் எங்க போவான்னு நான் அன்னைக்கே கேட்டேன், டேரன் லோக் மாதிரி ஆளுங்க சபா கிபான்னு வேற டீமுக்குப் போயிட்டாங்க, பேரு தெரியாத பசங்க என்ன ஆனாங்களோ.

இவ்வளவும் கேட்டுட்டு அக்கா மகன் தே தாரிக்க ஆற வச்சுட்டான். அப்ப வாங்க வேணாம்ங்கறீங்களா மாமான்னான். நான் அப்படி சொல்லலடா, ஜெர்சிய விடு, மொதல்ல டிக்கெட் வாங்கு, அஞ்சு ஆட்டம் பாரு, ஆள எண்ணுன்னேன். நேத்து மெசேஜ் அனுப்பியிருக்கான், ரெண்டு டிக்கெட் போட்டுட்டானாம், செவ்வாய்க்கெழம ராத்திரி ஆட்டம், மழ வரும் போலருக்கு, குடைய உள்ள விட மாட்டாங்க, ரெயின்கோட் எடுத்துட்டு வாங்கன்னு.