தூணுக்குப் பின்னால் ஒரு டிக்கெட்: ஃபென்வே பார்க்கில் செய்யக் கூடாத தவறுகள்

பாஸ்டன் நகரின் பேஸ்பால் அரங்கமான ஃபென்வே பார்க்கில் முதல் லீக் ஆட்டம் நடந்த நாள் 1912 ஏப்ரல் 20. டைட்டானிக் மூழ்கி ஐந்து நாள்தான் ஆகியிருந்தது. பாஸ்டனின் ரெட் சாக்ஸ் அணி நியூயார்க் அணியை, வழக்கமான ஒன்பது இன்னிங்ஸைத் தாண்டி 11 இன்னிங்ஸ் ஆடி, 7–6 என்று வென்றது. அதே மைதானத்தில் இன்றும் வசந்தம் தொடங்கி இலையுதிர் காலம் வரை ஆட்டம் நடக்கிறது. மேஜர் லீக் பேஸ்பால் அரங்குகளில் இதைவிடப் பழையது கிடையாது. சிகாகோவின் ரிக்லி ஃபீல்டு இதற்கு இரண்டு வயது இளையது.

இந்த வயது எல்லோருக்கும் தெரியும். அதைப் பார்க்கத்தானே போகிறோம்! ஆனால் டிக்கெட் எடுக்கும் நேரத்தில் மட்டும் அது மறந்துபோகிறது. திரையில் அரங்கின் வரைபடம் கட்டம் கட்டமாக, நிறம் நிறமாகத் தெரிகிறது. மலிவாக ஒரு கட்டம் கண்ணில் படுகிறது, தட்டிவிடுகிறோம். புது அரங்கில் இப்படி வாங்கினால் பெரிய சேதம் ஒன்றும் இல்லை, எங்கே உட்கார்ந்தாலும் ஆட்டம் தெரியும். ஃபென்வேயில் அப்படி இல்லை.

நான் முதல் முறை போனபோது என் இருக்கைக்கும் பந்தை எறியும் பிட்சருக்கும் நடுவே ஓர் இரும்புத் தூண் நின்றது. பிட்சர் காலைத் தூக்குவார், பந்து தூணுக்குள் நுழையும், அடுத்து பார்க்கும்போது பேட்டருக்குப் பின்னால் இருக்கும் கேட்சரின் கையுறையில் இருக்கும். நடுவில் நடந்ததைக் கூட்டத்தின் சத்தத்தை வைத்து ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான். டிக்கெட்டில் ‘பார்வை மறைக்கப்படும்’ என்று தெளிவாகவே போட்டிருந்தது. விலை குறைந்த மகிழ்ச்சியில் நான்தான் படிக்கவில்லை.

கிராண்ட்ஸ்டாண்ட் என்று அழைக்கப்படும் கூரையிட்ட பகுதி முழுவதும் இந்தத் தூண்கள் உண்டு. தூணே இல்லாமல் பெரிய கூரையை நிறுத்துவது அந்தக் காலத்துக் கட்டடக்கலையில் வழக்கமில்லை. எனவே அந்தப் பகுதியில் டிக்கெட் எடுப்பதற்கு முன், அதே இருக்கையில் இருந்து எடுத்த படம் இணையத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். ரசிகர்கள் பல ஆண்டுகளாக எடுத்துப் போட்டிருக்கிறார்கள். கடைசி வரிசைகளில் இன்னொரு சங்கடம். கூரை தாழ்வாக இறங்குவதால் உயரே எழும்பும் பந்து கண்ணுக்குத் தப்பிவிடும். ஆனால் மழை வந்தால் அந்தக் கூரைக்குக் கீழே இருப்பவர்தான் அரசர் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அங்கே இருக்கும் நீல நிற மர இருக்கைகள் 1934-ல் நடந்த பெரிய புதுப்பிப்புக் காலத்தவை. மனிதர்கள் ஒல்லியாக இருந்த காலத்தில் அளவெடுத்துச் செய்தவை என்று பார்த்ததுமே புரியும். முழங்கால் முன்னிருக்கையில் இடிக்கும். மூட்டுவலி உள்ள பெற்றோரை அழைத்துப் போகிறவர்கள் வரிசையின் ஓரத்து இருக்கையாகப் பார்த்து வாங்கினால் நல்லது, காலை நீட்ட முடியும், எழுந்து போகவும் முடியும்.

தூணைவிடவும் எனக்குக் கோபம் வருவது வலது மூலை இருக்கைகள் மேல்தான். சாதாரணமாக ஓர் அரங்கில் இருக்கைகள் பேட்டரை நோக்கித் திரும்பியிருக்கும். இங்கே பேட்டர் நிற்கும் இடத்தில் இருந்து வலது பக்கம் நீளும் எல்லைக்கோட்டின் ஓரமாக உள்ள பகுதிகள் நேர் எதிரே உள்ள மைதானத்தைப் பார்க்கின்றன. பேட்டரைப் பார்க்க வேண்டுமானால் கழுத்தை இடது பக்கம் திருப்பியே வைத்திருக்க வேண்டும், ஒன்பது இன்னிங்ஸுக்கும். இதற்கும் தூண் மறைப்புக்கும் சம்பந்தம் இல்லாததால் டிக்கெட்டில் எச்சரிக்கையும் இருக்காது. பகுதி எண் ஒன்றில் தொடங்கும் சிறிய எண்களாக இருந்தால், அது வலது மூலை என்று புரிந்துகொள்ளுங்கள்.

பேட்டருக்கு எதிர்ப்புறத்தில் கூரையில்லாத ப்ளீச்சர் இருக்கைகள். விலை குறைவு, கூட்டம் கலகலப்பு, ஒரு குறையும் சொல்வதற்கில்லை. ஆனால் கோடை மாலையில் இறங்கும் சூரியன் நேராக முகத்தில் அடிக்கும். தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் இல்லாமல் போனால் முதல் சில இன்னிங்ஸைக் கையை நெற்றியில் வைத்துக்கொண்டே பார்க்க வேண்டியிருக்கும்.

இனி அந்தப் பச்சைச் சுவர். இடது பக்கம் 37 அடி 2 அங்குல உயரத்தில் நிற்கிறது, செல்லப் பெயர் கிரீன் மான்ஸ்டர். அழகுக்காகக் கட்டியது இல்லை. அந்தப் பக்கம் லான்ஸ்டவுன் தெரு குறுக்கே வருவதால் மைதானத்தை நீட்ட இடமில்லை. பேட்டர் நிற்கும் இடத்தில் இருந்து இடது கோடு வழியாகச் சுவருக்கு 310 அடிதான். தூரத்தில் கொடுக்க முடியாததை உயரத்தில் கொடுத்தார்கள். முன்பு விளம்பரங்களால் நிறைந்திருந்த அந்தச் சுவருக்கு 1947-ல்தான் பச்சை வண்ணம் பூசினார்கள். 2003-ல் அதன் உச்சியில் இருக்கைகள் போட்டார்கள், அவைதாம் இன்று எல்லோரும் ஆசைப்படும் டிக்கெட். முதல் முறை போகிறவர் அங்கே உட்காருவதை நான் தவறு என்றே சொல்வேன். சுவரின் மேல் உட்கார்ந்தால் சுவர் தெரியாது! பந்து அதில் மோதித் தெறிக்கும்போது உங்கள் காலுக்குக் கீழே ‘டொம்’ என்று கேட்கும், அவ்வளவுதான். கிராண்ட்ஸ்டாண்டில், பேட்டர் அடித்துவிட்டு முதலில் ஓடிச் சேர வேண்டிய முதல் பேஸுக்கும் பேட்டருக்கும் இடைப்பட்ட பக்கம், சுமாராக 15 முதல் 18 வரையுள்ள பகுதிகளில், தூண் மறைக்காத இருக்கை கிடைத்தால் ஆட்டமும் தெரியும், சுவரும் முழுதாகக் கண் முன்னால் நிற்கும்.

அந்தச் சுவரைக் கவனிக்காமல் ஆட்டம் பார்ப்பது அடுத்த தவறு. கிரிக்கெட் பார்த்து வளர்ந்த நமக்கு, எல்லையில் பந்து மோதினால் கதை முடிந்தது. இங்கே அப்போதுதான் தொடங்குகிறது. சுவரில் மோதிய பந்து ஆட்டத்தில்தான் இருக்கிறது. வேறு அரங்கில் கேட்சாகி அவுட்டாகியிருக்க வேண்டிய உயரப் பந்து இங்கே சுவரில் பட்டுத் திரும்பி பேட்டருக்கு இரண்டு பேஸ் வாங்கித் தரும். வேறு அரங்கில் வேலியைத் தாண்டி ஹோம் ரன்னாகப் பறந்திருக்க வேண்டிய தாழ்வான வேகப் பந்தும் இதே சுவரில் இடித்து இரண்டு பேஸோடு நின்றுவிடும். எந்தக் கோணத்தில் தெறிக்கும் என்று கணக்கிட்டு முன்கூட்டியே போய் நிற்பது இடது பக்க ஃபீல்டரின் தனிக் கலை. டெட் வில்லியம்ஸ், அவருக்குப் பின் கார்ல் யஸ்ட்ரெம்ஸ்கி, அவருக்குப் பின் ஜிம் ரைஸ் என்று மூவர் அடுத்தடுத்து அந்த இடத்தைக் காத்தார்கள். மூவரும் பேஸ்பாலின் சிறந்த ஆட்டக்காரர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமில் இருக்கிறார்கள். ஆகவே பந்து இடது பக்கம் உயர எழும்பினால் பந்தைப் பார்க்காதீர்கள், ஃபீல்டரைப் பாருங்கள். அவர் முதுகைக் காட்டித் திரும்பி நின்றால் சுவரில் அடிக்கப்போகிறது என்று பொருள்.

சுவரின் அடியில் உள்ள ஸ்கோர்போர்டை இன்றும் மனிதர்கள்தாம் மாற்றுகிறார்கள். சுவருக்குள்ளே இருந்துகொண்டு எண் பலகைகளைக் கையால் மாட்டுகிறார்கள். அதில் செங்குத்தாக ஓடும் வெள்ளைக் கோட்டில் புள்ளியும் கோடுமாக இருப்பது மோர்ஸ் குறியீடு: பல காலம் அணியின் உரிமையாளர்களாக இருந்த டாம் யாக்கி, ஜீன் யாக்கி தம்பதியின் பெயர் முதலெழுத்துகள். மின்திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு இதைத் தவறவிட்டவர்கள் ஏராளம்.

ப்ளீச்சரில் பச்சை இருக்கைகளுக்கு நடுவே ஒன்று மட்டும் சிவப்பு: பகுதி 42, வரிசை 37, எண் 21. 1946 ஜூன் 9 அன்று டெட் வில்லியம்ஸ் அடித்த 502 அடி ஹோம் ரன் அங்கே இருந்த ஒரு ரசிகரின் வைக்கோல் தொப்பியின் மேல் போய் விழுந்தது. அதன் நினைவுதான் அந்தச் சிவப்பு. பார்க்கப் போங்கள், ஆனால் ஆட்டத்தின் நடுவில் போகாதீர்கள். அதுவும் யாரோ பணம் கொடுத்து வாங்கிய இருக்கைதான். அரங்கம் நிறையும் முன் போய்விட்டால் யாருக்கும் தொந்தரவில்லை.

போய்ச் சேருவதைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. கார் வேண்டாம். சுற்றிலும் பழைய குறுகலான தெருக்கள், நிறுத்தக் கட்டணம் டிக்கெட் விலையை எட்டிப் பிடிக்கும். சுரங்க ரயிலில் கிரீன் லைனின் பி, சி, டி மூன்றும் கென்மோர் நிலையத்தில் நிற்கும். இ மட்டும் அங்கே போகாது, பாதி வழியில் பிரிந்துவிடும். கூட்டத்தோடு கூட்டமாக வந்த வண்டியில் ஏறி இந்த இ-யில் மாட்டிக்கொள்பவர்கள் உண்டு. ‘ஃபென்வே’ என்றே பெயருள்ள நிலையம் ஒன்று டி வழித்தடத்தில் இருக்கிறது. அதிலிருந்தும் நடக்கலாம், கென்மோர் இன்னும் பக்கம். பாஸ்டனுக்கு மேற்கே ஆஷ்லாந்து, வெஸ்ட்பரோ பக்கம் தமிழர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆஷ்லாந்தின் லக்ஷ்மி கோவிலுக்குப் போகிறவர்களுக்குப் பழக்கமான ஊர்தான். அங்கிருந்து காரில் பாஸ்டனுக்குள் வந்து அவதிப்படுபவர்களைப் பார்த்திருக்கிறேன். வூஸ்டர் வழித்தட ரயில் அந்த ஊர்களில் நின்று வந்து, அரங்கத்துக்குப் பக்கத்திலேயே லான்ஸ்டவுன் நிலையத்தில் இறக்கிவிடும்.

ஏப்ரல் மூன்றாவது திங்கள்கிழமை மட்டும் தனிக் கணக்கு. அது மாசசூசெட்ஸில் விடுமுறை நாள், பாஸ்டன் மாரத்தான் நடக்கும் நாள். அன்று ரெட் சாக்ஸ் ஆட்டம் காலை 11 மணியளவில் தொடங்கும், ஓட்டக்காரர்கள் கென்மோர் சதுக்கம் வழியாகத்தான் வருவார்கள். சாலைகளை அடைத்துவிடுவார்கள். தெரிந்து போனால் அதைவிட நல்ல நாள் இல்லை: ஆட்டம் முடிந்து வெளியே வந்து, கடைசி மைலில் தள்ளாடுகிறவர்களுக்குக் கை தட்டிவிட்டு வரலாம். தெரியாமல் மாலை ஆட்டம் என்று நினைத்துக்கொண்டு போனால் வெறும் தெருதான்.

முதுகுப்பை வேண்டாம், வாயிலில் திருப்பி அனுப்புவார்கள். கடைகளில் ரொக்கம் வாங்குவதில்லை, அட்டைதான். டிக்கெட் கைபேசிச் செயலியில் இருப்பதால் மின்னேற்றம் இல்லாத கைபேசி என்றால் டிக்கெட்டும் இல்லை. தெருமுனையில் நின்று காகித டிக்கெட் விற்பவரிடம் எதுவும் வாங்காதீர்கள். ஏப்ரல், மே மாத இரவுகளில் குளிர் எலும்பைத் தொடும், பகலில் வெயில் அடித்தாலும் ஸ்வெட்டர் எடுத்துப் போங்கள். சைவர்களுக்கு வறுத்த வேர்க்கடலை, பாப்கார்ன், உருளை வறுவல் என்று சமாளிக்கலாம், ஆனால் அதை இரவு உணவு என்று நம்பிப் போக வேண்டாம், முதலிலேயே சாப்பிட்டுவிடுங்கள்.

தொப்பி பற்றி ஒரு வார்த்தை. நியூயார்க் பார்த்துவிட்டு வருகிறவர்கள் பலர் ‘என்.ஒய்.’ எழுத்துகள் பின்னிய கருநீலத் தொப்பியை ஊர் நினைவாக வாங்கிப் போட்டுக்கொள்கிறார்கள். அது நியூயார்க் யாங்கீஸ் அணியின் சின்னம். 1919-ன் கடைசியில் தன் நட்சத்திர ஆட்டக்காரர் பேப் ரூத்தை யாங்கீஸுக்கு விற்றுவிட்டு, அதன் பிறகு ஒரு கோப்பைக்காக 2004 வரை காத்திருந்த ஊர் பாஸ்டன். யாரும் அடித்துவிட மாட்டார்கள். ஆனால் ஒன்பது இன்னிங்ஸுக்கும் நீங்கள்தான் பின்வரிசையின் பொழுதுபோக்கு.

பந்து உங்களிடம் வந்தால், கிரிக்கெட் பழக்கத்தில் திருப்பி எறிந்துவிடாதீர்கள். பேஸ்பாலில் கூட்டத்துக்குள் வந்த பந்து பிடித்தவருக்கே சொந்தம். பக்கத்தில் சின்னக் குழந்தை இருந்தால் கொடுத்துவிடுங்கள், அரங்கமே உங்களுக்குக் கை தட்டும். ஆனால் வேலிக்கு மேல் எட்டி, ஆட்டத்தில் இருக்கும் பந்தைத் தொட்டுவிடக் கூடாது. வலது மூலையில் வேலி தாழ்வு, அங்கே எல்லையைக் காட்டி நிற்கும் பெஸ்கி கம்பத்துக்குப் பேட்டரிடம் இருந்து 302 அடிதான், கை எட்டும் ஆசை வரும். தொட்டால் நடுவர் ஆட்டத்தை நிறுத்துவார், காவலர் உங்களை வெளியே அழைத்துப் போவார். எழுந்து நடப்பதாக இருந்தால் ஒரு பேட்டர் முடிந்து அடுத்தவர் வரும் இடைவெளியில் நடங்கள்.

ஏழாவது இன்னிங்ஸில் நெரிசலுக்குப் பயந்து கிளம்புவது எனக்குப் புரியவே புரியாத காரியம். பிட்சர் எறிய வேண்டிய நேரத்துக்கு 2023-ல் கடிகாரம் வைத்துவிட்டார்கள். பெரும்பாலான ஆட்டங்கள் மூன்று மணி நேரத்துக்குள் முடிகின்றன. எட்டாவது இன்னிங்ஸின் நடுவில் அரங்கம் முழுவதும் எழுந்து நின்று ஒரே குரலில் ஒரு பாட்டுப் பாடும், அதற்காகவே வருகிறவர்கள் உண்டு. முடிந்த பிறகு கென்மோர் நிலையத்தில் நசுங்குவதற்குப் பதில், காமன்வெல்த் அவென்யூவின் நடுவே மரங்களுக்குக் கீழே அரை மணி நேரம் நடந்தால் பேக் பே நிலையம் வந்துவிடும், அங்கே ஆரஞ்சு லைன் கிடைக்கும். வூஸ்டர் ரயிலில் வந்தவர்கள் கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று வரும்போதே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். பேஸ்பாலில் சமநிலை என்று ஒன்று இல்லை, முதல் நாள் ஆட்டமே 11 இன்னிங்ஸ் போனது.