கிராப்பி மீன்பிடிப்பு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

டெக்சஸின் லேக் ஃபோர்க் ஏரியில் சிறு படகில் கிராப்பி என்ற நன்னீர் மீனைப் பிடிக்கப் புதிதாக வருபவர்களைப் பார்க்கும்போதெல்லாம், தொடக்கக் காலத்தில் நான் செய்தவற்றையே அவர்களும் வரிசை மாறாமல் செய்வதைக் காண்கிறேன். மீன்பிடி உரிமம், உயிர்காப்பு உடை, வானிலை அறிவிப்பு ஆகியவற்றைப் பற்றி எவரும் சொல்லிவிடுவார்கள் என்பதால் அவற்றை இங்கே எழுதவில்லை.

இரையை மீனுக்குக் கீழே இறக்குவது

இன்றும் எனக்கு எரிச்சலூட்டுகிற தவறு இதுதான். கிராப்பியின் கண்கள் தலையின் மேற்பகுதியில் அமைந்திருப்பதால், அது தனக்கு மேலே நகரும் இரையைக் கண்டு எழும்பி வந்து கவ்வுமே தவிர, கீழே கிடப்பதைத் தேடி இறங்குவது அரிது. 1980இல் அணை கட்டி முடிக்கப்பட்ட இந்த ஏரியில் மரங்களைப் பெருமளவில் வெட்டாமலேயே நீரைத் தேக்கிவிட்டார்கள்; அந்தப் பட்டமரங்களை ஒட்டி, தரையைத் தொடாமல், நடு ஆழத்தில் இம்மீன்கள் கூட்டமாக நிற்கும்.

ஒரு கோடையில் என்னுடன் வந்த இளைஞர், கெளுத்தி பிடித்துப் பழகியவர், ஈயக்குண்டு தரையைத் தட்டும்வரை தூண்டில் நரம்பை விட்டு, பிறகு இரண்டு சுற்று மட்டும் மேலே சுருட்டிவிட்டு உட்கார்ந்துகொண்டார். ஒலியலையால் ஆழத்தையும் மீனையும் காட்டும் சோனார் கருவியின் திரையில் நீரின் ஆழம் 24 அடி என்றும், மீன் கூட்டம் 14 அடியில் நிற்கிறது என்றும் தெளிவாகத் தெரிந்தது. சுட்டிக்காட்டியபோது, "மீன் அடியிலதானே அண்ணா இருக்கும்?" என்று கேட்டார். பக்கத்துப் படகில் இருந்தவர்கள் மீனை எடுத்துப் பெட்டியில் போட்டுக்கொண்டே இருக்க, இவருடைய வாளியில் இருந்த இரைமீன்கள்தான் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டிருந்தன. பாதிக் காலைப்பொழுது இப்படியே வீணானது.

ஒருவழியாக இரையை 13 அடிக்கு உயர்த்தினார். சற்று நேரத்தில், நிமிர்ந்து நின்ற தக்கை மெல்லச் சாய்ந்து, நீரின்மேல் படுத்துக்கொண்டது. கீழிருந்து வந்த மீன் இரையைக் கவ்வி ஈயத்தையும் சேர்த்துத் தூக்கிவிட்டது என்பதே அதன் பொருள். அவரோ தக்கை மூழ்கட்டும் என்று காத்திருந்து அந்த மீனையும் விட்டார்.

இத்தவறு நீடிப்பதற்கு வசந்தகாலமே காரணம் என்று நினைக்கிறேன். நீரின் வெப்பநிலை ஃபாரன்ஹீட்டில் 60ஐத் தாண்டியதும் கிராப்பி முட்டையிடக் கரையோரம் வந்துவிடுகிறது. அங்கே ஆழமே நான்கைந்து அடிதான் என்பதால், எப்படி இறக்கினாலும் இரை மீனின் கண்ணில் பட்டுவிடுகிறது. அந்த வெற்றியை நம்பிக் கோடையில் ஆழத்துக்கு வருபவர்கள்தான் ஏமாறுகிறார்கள். கோடையில் ஆழமான பகுதிகளில் நீர் அடுக்குகளாகப் பிரிந்து, கீழடுக்கில் உயிர்வளி மிகவும் குறைந்துவிடுவதால், அங்கே மீனே தங்காது.

ஆழத்தை அளக்க விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. இரு கைகளையும் விரித்து நரம்பை இழுத்தால் ஒரு பாகம், ஏறத்தாழ 6 அடி. நம் கடலோர மீனவர்கள் அளப்பதும் இப்படித்தான். நரம்பு ஓடிச் செல்லும் வகைத் தக்கையைப் போட்டு, வேண்டிய அளவில் நிறுத்து முடிச்சு இட்டுவிட்டால், ஒவ்வொரு முறையும் இரை அதே ஆழத்தில் நிற்கும். மீனின் ஆழத்தைவிட ஓரடி மேலே வைப்பது என் வழக்கம். தக்கையில்லாமல் பிடிக்கும்போது, காற்று படகைத் தள்ளினால் நரம்பு சாய்ந்து இரை நீங்கள் நினைத்ததைவிட மேலே போய்விடும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். இருந்தாலும் அந்தப் பிழையில் மீன் கிடைக்க வாய்ப்பு உண்டு, கீழே போனால் கிடைக்காது.

வெட்டி இழுப்பது

கிராப்பியின் வாயோரச் சவ்வு காகிதம்போல மெல்லியது; தூண்டில் கோலைச் சுண்டினால் தூண்டில் முள் அதைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிடும். கோலை நிதானமாக உயர்த்தினாலே முள் ஏறிவிடும். பிறகு நரம்பைத் தளரவிடாமல் சுருட்டி, படகருகே வந்ததும் கைவலையால் ஏந்த வேண்டும். நரம்பைப் பிடித்து அப்படியே தூக்கிய மீன்களில் பல படகின் விளிம்பில் விழுந்து தப்பியதைப் பார்த்திருக்கிறேன்.

வாளியில் குழாய்த்தண்ணீர்

குளோரின் இரைமீனைக் கொல்லும்.

நங்கூரத்தைப் படகின் பின்புறம் கட்டுவது

சிறு படகின் பின்பக்கம் தாழ்வானது. அலை அந்த வழியாகத்தான் உள்ளே ஏறும். முன்புறம் மட்டுமே கட்டுங்கள்.

குளிர்காலத்தில் சின்ன மீனைத் திருப்பி விடுவது

டெக்சஸின் பொதுவிதிப்படி 10 அங்குலத்துக்குக் குறைந்த கிராப்பியை வைத்துக்கொள்ளக் கூடாது. ஒரு நாளைக்கு 25 மீன் வரம்பு. ஆனால் லேக் ஃபோர்க்கில் டிசம்பர் 1 முதல் பிப்ரவரி இறுதிவரை அந்த நீள வரம்பு கிடையாது. பிடித்த ஒவ்வொரு கிராப்பியையும் வைத்துக்கொண்டே ஆக வேண்டும். குளிரில் ஆழத்தில் தங்கும் மீனை மேலே இழுக்கும்போது அழுத்தம் குறைந்து அதன் காற்றுப்பை உப்பிவிடுகிறது. திருப்பி விட்டாலும் பெரும்பாலும் பிழைப்பதில்லை. ஆகவே பெரிய மீன் கிடைக்கும்வரை சின்னவற்றை விட்டுக்கொண்டிருக்கலாம் என்ற எண்ணத்துடன் அந்த மாதங்களில் வராதீர்கள். கைவிரல் நீள மீனானாலும் அது உங்கள் 25இல் ஒன்றுதான். ஒரு மரத்தடியில் சின்ன மீனாகவே ஏறினால் உடனே வேறு மரத்துக்குப் படகை நகர்த்துங்கள்.